புகார் ஏதும் வரவில்லை

“கலாவையே கேளுங்க மேடம். பத்து வருஷமா என் கீழதான் வேலை பாக்குறாங்க. என்னப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா?”

மேனேஜர் இப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். யார் சிரித்தாலும் பதிலுக்குச் சிரித்துவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஒருமுறை செல்போனைப் பார்த்துச் சிரித்த ஒரு ஆளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்து, பஸ்ஸை விட்டு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

இடம், சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் மாத்திரை பேக்கிங் கம்பெனியின் மீட்டிங் அறை. மேசைக்கு இந்தப் பக்கம் புகார்க் குழு என்ற பெயரில் நாங்கள் நான்கு பேர். அந்தப் பக்கம் ஒற்றை நாற்காலி, அதில் மேனேஜர். அவர்மேல் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்திருந்த தேன்மொழி, தன் தரப்பைச் சொல்லிவிட்டு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

குழுவில் இருந்த எச்.ஆர். அதிகாரி ஒரு ஃபைலைத் திறந்து ஆறு தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

“இவர் மேல இதுவரைக்கும் ஒரு புகார் கெடையாது மேடம். ஆறு வருஷ ரிப்போர்ட் இது. ஆறுலயும் கலாக்கா கையெழுத்து இருக்கு.”

ஆறு தாளிலும் ஒரே வாசகம். இந்த ஆண்டில் பாலியல் துன்புறுத்தல் குறித்துப் புகார் ஏதும் வரவில்லை. கீழே என் கையெழுத்து, வால் நீட்டி, வாலுக்கடியில் இரண்டு புள்ளி வைத்து.

அதில் முதல் தாள் என்ன லட்சணம் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி பதிலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போர்டில் என் முகம்

இந்தத் தொடரில் இதுவரை என் கல்யாண வரவேற்பில் நானே நின்றபடி தூங்கிய கதை, ஸ்கூட்டி பழகப் போய்க் குடிநீர்த் தொட்டியில் மோதிய கதை எல்லாம் எழுதிவிட்டேன். “சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதும்மா” என்று உழவர்கரையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். இந்த வாரம் முடிந்த இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள் அம்மா.

ஏழு வருஷத்துக்கு முன்னால் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கூடவே, “ஒரு குழு போடறோம்கா, உங்க பேரச் சேத்துக்கட்டுமா?” என்றார் எச்.ஆர். என்ன குழு, எதற்குக் குழு என்று நான் கேட்கவில்லை. “போட்டோ வேணுமா?” என்று கேட்டேன். வேண்டுமாம். அன்று மாலையே கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு முனை ஸ்டூடியோவுக்குப் போய், பட்டுச்சேலையில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கேன்டீன் வாசலில், அன்றைய சாப்பாட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் போர்டு மாட்டினார்கள். ‘புகார்களுக்கு அணுகவும்’ என்று எழுதி, கீழே என் பட்டுச்சேலை முகம். சும்மா இருப்பார்களா எங்கள் பெண்கள்? அணுகினார்கள். சாம்பாரில் உப்பில்லை. மூன்றாம் வரிசையில் ஃபேன் ஓடவில்லை. கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை.

எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு செய்தேன். தாழ்ப்பாளுக்காக ஒன்றரை மாதம் சண்டை போட்டேன். மாட்டிய அன்று நானே உள்ளே போய் மூன்று தரம் போட்டுத் திறந்து பார்த்தேன். அந்தக் குழு உண்மையில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

தெரிந்துகொள்ள வாய்ப்பு தராமல் இல்லை. குழு உறுப்பினர்களுக்குக் கடற்கரை பக்கம் ஒரு ஹோட்டலில் அரைநாள் பயிற்சி வைத்தார்கள். ஏசி அறை, மெத்து மெத்தென்ற நாற்காலி, காலையிலேயே வெண்ணெய் வழியும் பிரெட். முதல் படம் திரையில் வந்தது தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் இருந்தவர் “சர்டிஃபிகேட் குடுக்குறாங்க, எழுந்திருங்க” என்று முழங்கையால் இடித்தது. அந்தச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டினார் என் வீட்டுக்காரர்.

பொங்கல் சமயத்தில் கம்பெனியில் எல்லோரிடமும் கத்தை கத்தையாகக் கையெழுத்து வாங்குவார்கள். யூனிஃபார்ம் இரண்டு செட் வாங்கியதற்கு ஒன்று, ஸ்வீட் பெட்டிக்கு ஒன்று, எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு ஒன்று. அந்தக் கத்தையோடு எனக்கு மட்டும் இன்னொரு தாள் வரும். கைக்குட்டையால் கை துடைத்து, ஜிலேபிப் பிசுக்கு படாமல், வால் நீட்டிக் கையெழுத்துப் போடுவேன். ஆறு பொங்கல், ஆறு தாள்.

வாய்க்குப் பேர்போன குடும்பம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. அப்பா மில் தொழிலாளி, சங்கத்தில் பேச்சாளர். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். மில்லை மூடிய பிறகு பேச மேடை இல்லாமல், வீட்டில் ரசம் ஆறிப்போனதைக்கூட “தோழர்களே” என்ற தொனியில் கண்டிப்பார்.

நான் அவருக்குத் தப்பாமல் பிறந்தவள். எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலை மறித்து வண்டி விட்டதற்கு நான் போட்ட சத்தத்தில், அவர் வண்டியையே விற்றுவிட்டார் என்று தெருவில் இன்றும் சொல்வார்கள். ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், தண்ணீர் லாரி எங்கே போனாலும் “கலா வந்துட்டா” என்று வழிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட கலாவுக்கு சூப்பர்வைசர் ஆனதும் ஒரு வேலை கூடியது. மாதக் கடைசியில் ஸ்டாக் ரூமில் மேனேஜரோடு போய் அட்டைப்பெட்டிகளை எண்ண வேண்டும். இரண்டாவது மாதம் அவர் கதவைச் சாத்தினார். தூசி வருகிறது என்றார். பிறகு என் மேல் கை வைத்தார்.

நான் கத்தவில்லை. எதிர்வீட்டு ஸ்கூட்டருக்காக மூன்று தெருவைக் கூட்டியவள், அங்கே வாயைத் திறக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று சத்தமாக எண்ணினேன். எண்ணி முடித்துவிட்டு நேரே கேன்டீனுக்குப் போய் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சாப்பாடு அன்றைக்கு நன்றாகக்கூட இல்லை.

அடுத்தடுத்த மாதங்களிலும் அது நடந்தது. யாரிடம் புகார் செய்வது? போர்டில் பார்த்தால் என் படம்தான் இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஒருநாள் அந்த போர்டின் முன்னால் போய் நின்றேன். பட்டுச்சேலையில் நானே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சரி போகட்டும் என்று கை கழுவப் போய்விட்டேன்.

சில மாதங்களில் அது நின்றது. பொங்கல் வந்தது. முதல் தாள் கையெழுத்துக்கு வந்தது. போட்டேன். சட்டப்படி பார்த்தால் அது பொய்கூட இல்லை. புகார் வரவில்லைதான். கொடுக்க வேண்டியவளும் வாங்க வேண்டியவளும் ஒருத்தியாக இருந்து, இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டு பக்கக் கடிதம்

தேன்மொழி என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. “பேர மாத்திதான் எழுதுவீங்க? நல்ல பேரா வைங்கக்கா” என்று சொல்லி அவளே தேர்ந்தெடுத்தது. சேதராப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், டிகிரி முடித்தவள். என் வரிசையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

உடை மாற்றும் அறையில், குல்லாவைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தாள். மடித்த தாளை நீட்டினாள். நின்றபடி படித்தேன். ஸ்டாக் ரூம். கதவு. தூசி வருகிறது என்ற அதே சாக்கு. பாவி மனுஷனுக்குப் புதிதாக ஒரு சாக்கு சொல்லக்கூடச் சோம்பல்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? “எதுக்கும் நல்லா யோசிச்சுக்க பாப்பா. வீட்ல மாப்பிள வேற பாக்குறாங்கன்னு சொன்ன.”

“யோசிச்சுட்டுதான்கா ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்தேன். யோசிக்காம எழுதியிருந்தா பத்து பக்கம் வந்திருக்கும்.”

“இல்லடி, கொஞ்ச நாள் போவட்டுமே…”

“மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும்க்கா. போர்டுலயே போட்டிருக்காங்களே. உங்க போட்டோவுக்குக் கீழதான். நீங்க படிக்கலையா?”

படிக்கவில்லை. ஆறு வருஷமாக அந்த போர்டைத் தினமும் பார்த்திருக்கிறேன். என் பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

கடிதத்தைக் குழுத் தலைவியான தரக்கட்டுப்பாட்டு மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். தேன்மொழி கூடவே வந்தாள், வேறு வழியில்லை.

மகளுக்கு ஒரு வேலை

விசாரணைக்கு முதல் நாள் மேனேஜர் என் வரிசைக்கே வந்தார். மிரட்டுவார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப அன்பாகப் பேசினார்.

“என்ன கலா, பொண்ணு டிப்ளமா முடிச்சிட்டாளாமே? எதுக்கு வெளிய அலையணும். இங்கயே சேத்துவிடு. நான் பாத்துக்கறேன்.”

“சரி சார். ரொம்ப தேங்ஸ் சார்” என்றேன்.

ஆமாம், தேங்ஸ் சொன்னேன். கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து, பையை மடியில் வைத்த பிறகுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. நான் பாத்துக்கறேன். பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்தவளிடம் பிளாஸ்டிக் கவர் வாங்கி அதில் வாந்தி எடுத்தேன். “காலையில என்னாக்கா சாப்ட?” என்று கேட்டாள். இட்லிமேல் பழியைப் போட்டேன்.

வீட்டில் மகள் கால் நீட்டி உட்கார்ந்து, வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தாள். “உங்க கம்பெனியில எடம் இருக்காம்மா?” என்றாள். “இல்ல” என்று கத்தினேன். பயந்துவிட்டாள் பாவம்.

எதிர் நாற்காலி

இனி அந்த மீட்டிங் அறைக்கு வருவோம். ஆறு தாள்களும் மேசைமேல் கிடக்கின்றன. மேனேஜர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் குழுவில் வெளியிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா. எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். எதைப் பேசினாலும், ‘சரி, அப்படின்னா’ என்பதைப் பிரெஞ்சில் “அலோர்” என்று இழுத்துத்தான் தொடங்குவார். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முதல் தாளை மட்டும் கையில் எடுத்தார்.

“அலோர், கலா. சார் உங்களைக் கேக்கச் சொல்றார். நான் கேக்கறேன். இவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

தேன்மொழி சொன்னதற்குச் சாட்சி யாரும் இல்லை. ஸ்டாக் ரூமில் கேமரா இல்லை. ஆறு வருஷமாக ஒரு புகாரும் இல்லாத மனிதர்மேல், ஒரு வருஷம் முன்னால் சேர்ந்த பெண் சொல்கிறாள். நான் “நல்ல மனுஷன்” என்றால் அவள் பொய்க்காரி. “தெரியாது” என்றாலும் அவள் பொய்க்காரிதான்.

“அந்த முதல் தாளு பொய் மேடம்” என்றேன்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். எச்.ஆர். “அக்கா, என்ன பேசறீங்க?” என்றார்.

“அந்த வருஷம் எனக்கே நடந்துச்சு. இதே ஸ்டாக் ரூம். இவரேதான்.”

மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. “இவ்ளோ வருஷம் கழிச்சா? அப்ப ஏன் சொல்லல?” என்றார். குரல் உயர்ந்தது.

“பயம் சார். வேலை போயிடும்னு பயம். ஊர் சிரிக்கும்னு பயம். எங்கிட்டயே நான் சொல்லல. எழுதிக்குங்க மேடம், நான் ஒரு பயந்தாங்கொள்ளின்னு கூட எழுதிக்குங்க. ஆனா நடந்தது நடந்துச்சு.”

மதாம் மெதுவாகச் சொன்னார். “கலா, உங்க விஷயத்துக்குக் காலக்கெடு தாண்டிப் போச்சு. அதை இந்தக் குழு தனிப் புகாரா எடுக்க முடியாது. ஆனா தேன்மொழிக்கு நீங்க சாட்சி சொல்லலாம். அப்படிச் சொன்னா நீங்க இந்தப் பக்கம் உக்கார முடியாது. தீர்ப்பு சொல்றவங்களும் சாட்சியும் ஒரே ஆளா இருக்கக்கூடாது.”

எழுந்தேன். எழுந்த வேகத்தில் சுடிதார் துப்பட்டா நாற்காலிக் கையில் மாட்டி, நாற்காலியும் கூடவே வந்தது. எச்.ஆர். குனிந்து எடுத்துவிட்டார். என் டீயையும் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்காதீர்கள், பாதிதான் குடித்திருந்தேன். மேனேஜரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவர் எழுந்த நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்தார்கள். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. உடம்பு கூசியது.

தேதி கேட்டார்கள், ஞாபகமில்லை. எத்தனை முறை என்று கேட்டார்கள், சொன்னேன். கதவு எந்தப் பக்கம் சாத்தும், அவர் என்ன சொன்னார், பெட்டி எண்ணிக்கை எத்தனையில் நின்றது, எல்லாம் சொன்னேன். நாற்பத்திரண்டு என்று சொன்னபோதுதான் அழுகை வந்தது. மதாம் கைக்குட்டை நீட்டினார். அதில் யூடிகோலோன் வாசனை. மூக்கைச் சிந்தி நாசமாக்கித் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு

அன்று சாயந்திரமே வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

“ஏன்டி எங்கிட்ட அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்ப?”

யோசித்தார். “வேலைக்குப் போவ வேணாம்னு சொல்லியிருப்பேன்” என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்ல வரவில்லை.

நான் சாட்சி சொன்னது கம்பெனியில் பரவிய வாரத்தில் இன்னும் இரண்டு பெண்கள் தலைவியிடம் போனார்கள். மேனேஜரை வேலையைவிட்டு நீக்கச் சொல்லிக் குழு எழுதியது, கம்பெனி நீக்கியது. தேன்மொழி அதோடு விடாமல் போலீசுக்கும் போனாள். வழக்கு நடக்கிறது. நானும் கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் இங்கே அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதவில்லை.

கம்பெனியில் என்னை வீராங்கனை ஆக்கப் பார்த்தார்கள். கேன்டீன்காரர் எனக்கு மட்டும் வடை பெரிதாகப் போட்டார். கூச்சப்படாமல் வாங்கித் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேன்மொழியின் நிபந்தனை

இதை எழுதப்போகிறேன் என்றதும் தேன்மொழி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “எல்லாத்தையும் காமெடியா எழுதுவீங்களேக்கா, எழுதிக்குங்க. ஆனா அன்னிக்கு பஸ்ல நான் உங்கள கேட்டத மட்டும் அப்படியே எழுதணும்.”

மேனேஜர் போய் ஒரு வாரம் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, “அதெல்லாம் ஒண்ணும் வேணாம்டி” என்ற முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“அக்கா, உங்களுக்கு எப்படி நின்னுச்சு?”

“என்னாது?”

“அந்த ஸ்டாக் எண்ற வேல. நீங்க எப்படி அதுலேந்து வெளிய வந்தீங்க?”

கண் சரியாகத் தெரியவில்லை, எண்ணிக்கை தப்பாகிறது என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு ஸ்டாக் ரூமுக்கு யார் போவது என்று மாதாமாதம் பட்டியல் போடுவது என் வேலை ஆனது. என் வரிசையிலிருந்து யாராவது ஒரு சின்னப் பெண்ணின் பெயரை எழுதுவேன். இதை அவளிடம் சொன்னேன். மீட்டிங் அறையில் என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“அப்ப என் பேர எழுதுனது நீங்கதானா?”

“ஆமா.”

“தப்பு பண்ணது அந்தாளு. அது வேறக்கா, அதுல எனக்கு ஒண்ணும் கொழப்பம் இல்ல. இது நான் உங்ககிட்ட கேக்கறேன். உள்ள என்னா நடக்கும்னு தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?”

வயசாகிவிட்டது, திருந்தியிருப்பார் என்று நினைத்தேன் எனச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்படி நான் நினைக்கவே இல்லை.

“தெரிஞ்சுதான்” என்றேன்.